எழுத்தே படமாகும் அச்சுத்தாள்: ஜப்பானிலும் சிவகாசியிலும்

வாசிப்பதற்கு உரிய எழுத்தைப் பார்ப்பதற்கு உரிய வடிவமாக்கித் தாளில் பதிக்கும் கலை, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஜப்பானில் உலகமே கவனிக்கும் அளவுக்கு வளர்ந்தது. தூரிகையும் மசியும் கொண்டு எழுத்தைக் கலையாகப் பயின்ற நெடிய மரபும், மரப்பலகையைச் செதுக்கிப் படம் அச்சிடும் மரபும் அங்கே ஒரே தாளில் ஒன்றுசேர்ந்தன. இத்தகைய அச்சுப்படங்களைத் தேடிச் சேர்ப்போர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். அவர்கள் ஒரு தாளை எப்படிப் பார்க்கிறார்கள், எதைக் கொண்டு மதிக்கிறார்கள், எப்படிக் காக்கிறார்கள் என்று அறிந்துகொள்வது, அச்சங்குளம், சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என விரியும் பட்டாசு வட்டாரத்துக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஏனெனில் இவ்வட்டாரத்து அச்சகங்கள் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக வெளியிட்டுவரும் தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களில் கையால் வரையப்பட்ட எழுத்துகள் அதே கவனத்துக்கு உரியவை. அந்தக் கவனமோ அவற்றுக்கு இன்னும் போதிய அளவில் கிடைக்கவில்லை.

எடோ காலத்து ஜப்பானில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்வரை, ஓர் அச்சுப்படம் என்பது நால்வர் கூடிச் செய்யும் பொருளாக இருந்தது. வரைபவர், பலகையைச் செதுக்குபவர், அச்சிடுபவர் ஆகிய மூவரோடு, முதல் போட்டு விற்பனையைக் கவனிக்கும் பதிப்பாளரும் அதில் பங்கு கொண்டார். 'உக்கியோ-எ' எனப்படும் அந்த மரபுக்கு மாறாக, வரைதல், செதுக்குதல், அச்சிடுதல் மூன்றையும் கலைஞர் ஒருவரே செய்ய வேண்டும் என்ற கொள்கையோடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததே 'சோசாக்கு ஹங்கா' என்னும் படைப்பு அச்சு இயக்கம். 1904இல் கனாயே யமமோத்தோ உருவாக்கிய மீனவர் படத்தை அதன் முதல் படைப்பாகக் கொள்வது வழக்கம். கோஷிரோ ஓன்ச்சி (1891–1955) போன்றோர் அதை அருவ ஓவியம் வரை கொண்டு சென்றனர். எனினும் சொந்த நாட்டில் நெடுங்காலம் இக்கலைஞர்களின் படங்களை வாங்குவார் குறைவு. போருக்குப்பின் ஜப்பானில் பணியாற்ற வந்த அமெரிக்கர்கள் இத்தாள்களை விரும்பி வாங்கத் தொடங்கியதும், ஆலிவர் ஸ்டாட்லர் 1956இல் இக்கலைஞர்களைப் பற்றி நூல் எழுதியதும், புதின ஆசிரியர் ஜேம்ஸ் மிச்செனர் 1962இல் பத்துக் கலைஞர்களின் அசல் அச்சுப்படங்களையே உள்ளே வைத்துக் கட்டிய நூல் ஒன்றை வெளியிட்டதும் நிலைமையை மாற்றின.

எழுத்தை மையமாகக் கொண்ட அச்சுப்படங்களுக்கு முதலில் நினைக்கத்தக்கவர் ஷிக்கோ முனக்காத்தா (1903–1975). கண்பார்வை மிகவும் குறைந்த இவர், பலகையில் முகம் படும் அளவுக்குக் குனிந்து, நம்ப முடியாத வேகத்தில் செதுக்கியவர். 1936இல் ஒரு நீண்ட கவிதையின் சொற்களையும் உருவங்களையும் சேர்த்துச் செதுக்கிய அவருடைய படத்தொடரை ஜப்பானிய நாட்டார் கைவினை அருங்காட்சியகம் வாங்கியது, அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. 1956இல் வெனிஸ் நகரில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெருங்கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது. மரப்பலகையில் எழுத்தைச் செதுக்குவோர் அதை இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும். அவ்வாறு செதுக்கியும் கையெழுத்தின் துடிப்பு மாறாமல் காத்ததே முனக்காத்தாவின் சாதனை.

டோக்கோ ஷினோடா (1913–2021) என்னும் பெண் கலைஞரின் வழி வேறு. சிறுவயதிலேயே எழுத்துக்கலை பயின்ற அவர், ஒரு கட்டத்தில் எழுத்தின் பொருளை விட்டுவிட்டு அதன் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். 'லித்தோகிராஃப்' எனப்படும் கல்லச்சு முறையில், எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற இயல்பைப் பயன்படுத்தி, கல்லின் மீது கொழுப்பு மசியால் வரைந்ததை அப்படியே தாளுக்கு மாற்றலாம். செதுக்க வேண்டியதில்லை என்பதால் தூரிகையின் இழுப்பு சிதையாமல் வரும். அச்சான தாளின் மேல் மீண்டும் தம் கையால் ஒரு தீற்றலைச் சேர்ப்பதும் அவர் வழக்கம். ஆகவே ஒரே பதிப்பின் தாள்களும் ஒன்றுக்கொன்று சிறிதே வேறுபடும். 107 வயது வரை வாழ்ந்து வரைந்தவர் அவர்.

இவ்வகைச் சேகரிப்பில் தொடக்கநிலையினரை மிகுதியும் ஈர்ப்பவர் ஹாக்கு மாக்கி (1924–2000). மிச்செனர் நூலின் பத்துக் கலைஞர்களுள் இவரும் ஒருவர். சீன வழி எழுத்துகளின் தொன்மையான வடிவங்களை எடுத்து, அவற்றை நீட்டியும் குறுக்கியும் உடைத்தும் புதுவடிவமாக்கி, பலகையின் மேல் சிமெண்டைப் பூசி அதில் அவ்வடிவத்தைக் குழித்தும் புடைத்தும் அமைத்து, ஈரத் தாளை அதன்மேல் பலமாக அழுத்தி எடுப்பது அவர் முறை. தாளின் பரப்பு மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் அதன் அழகு முழுதும் தெரியும். கல்யாணப் பத்திரிகைக்கு எம்போஸிங் போடும் சிவகாசித் தொழிலாளி ஒருவர் மாக்கியின் தாளைத் தடவிப் பார்த்தாலே, அழுத்தத்தின் அளவையும் தாளின் வலிமையையும் சொல்லிவிடுவார். காகித மல்பெரி இனத்துக் கோசோ மரப்பட்டையிலிருந்து கையால் செய்யப்படும் ஜப்பானியத் தாள், நீண்ட நார்களைக் கொண்டதாதலால் இந்த அழுத்தத்தில் கிழிவதில்லை. 'கவிதை' என்ற சொல்லோடு ஆண்டையும் வரிசை எண்ணையும் சேர்த்து அவர் தம் படங்கள் பலவற்றுக்குப் பெயரிட்டார். எனவே எந்தத் தாள் எந்த ஆண்டினது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இத்தாள்களின் அடியில் பென்சிலால் 37/150 என்பது போன்ற குறிப்பு இருக்கும். மொத்தம் 150 படிகள் எடுக்கப்பட்டன, அவற்றுள் இது 37ஆவது என்று அதற்குப் பொருள். அருகில் கலைஞரின் கையொப்பமும் சிவப்பு முத்திரையும் அமையும். படிகளின் எண்ணிக்கையைக் கலைஞரே வரையறுத்துவிடுவதால், தாளின் அருமையும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. வாங்குபவர் அதன்பின் பார்க்க வேண்டியவை ஓரங்கள் வெட்டப்படாமல் இருக்கின்றனவா, வண்ணம் வெளுத்துள்ளதா, சட்டத்தின் அட்டை பட்ட இடம் பழுத்துள்ளதா, பூஞ்சைப் புள்ளிகள் உள்ளனவா என்பனவே. மரப்பலகை அச்சாயின் தாளைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. மசி நாருக்குள் ஊறிப் பின்பக்கத்திலும் நிழலாகத் தெரிவதும், மூங்கில் உறையிட்ட வட்டத் தேய்ப்பான் நகர்ந்த தடம் தென்படுவதும் கையால் அச்சிட்டதற்கு நல்ல அடையாளங்கள். பூதக்கண்ணாடியில் சீரான நான்குவண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது எந்திரத்தில் எடுத்த நகல். அதற்கு அசலின் விலை கொடுப்பது வீண்.

ஜப்பானிய அச்சுத்தாள் தமிழர் வீடுகளுக்கு வந்தது அருங்காட்சியகங்களின் வழியாக அன்று, தீப்பெட்டியின் வழியாகத்தான். 1870களில் ஜப்பானில் தொடங்கிய தீக்குச்சித் தொழில், கோபே, ஒசாக்கா துறைமுக நகரங்களில் வளர்ந்து ஆசியச் சந்தைகளைப் பிடித்தது. முதல் உலகப்போரில் சுவீடனின் சரக்கு தடைப்பட்டபோது இந்தியச் சந்தையில் ஜப்பானின் பங்கு மேலும் பெருகியது. அக்காலத் தீப்பெட்டி லேபிள்களின் தொடக்க வகைகள் மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்டவை. இந்தியாவுக்கென்றே தயாரான லேபிள்களில் இந்துக் கடவுளர் படங்களை ஜப்பானிய அச்சகங்கள் பதித்து அனுப்பின. கடல் கடந்து வந்த அந்தச் சின்னஞ்சிறு தாள்களே இந்திய லேபிள் கலைக்கு முன்மாதிரிகளுள் ஒன்றாயின. 1922இல் அரசு தீக்குச்சி இறக்குமதிக்குக் கடுமையான தீர்வை விதித்தபோது உள்நாட்டுத் தொழிலுக்கு வாய்ப்பு பிறந்தது. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பியதும், வானம் பார்த்த கரிசல் பூமியில் வேளாண்மைக்கு மாற்றான ஒரு பிழைப்பு உருவானதும் அதையொட்டி நிகழ்ந்தவை. பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்ற தேவையே சிவகாசியில் அச்சுத்தொழிலை வேரூன்றச் செய்தது. பட்டாசு அத்தேவையைப் பன்மடங்காக்கியது.

பட்டாசு லேபிளில் படமே முதலில் கண்ணில் படும் என்றாலும், அதன் உயிர்நிலை எழுத்திலேயே உள்ளது. லட்சுமி வெடியின் சுற்றுத்தாளை எடுத்துக்கொள்ளலாம். தாமரைமேல் நிற்கும் தேவியின் உருவம் நடுவில் அமைய, மேலே வணிகப்பெயர் வில்போல் வளைந்து செல்லும். ஒவ்வோர் எழுத்தும் முதலில் பருத்த சிவப்பு உடலாகவும், அதன் விளிம்பில் கறுப்புக் கோடாகவும், இடத்தோளில் வெள்ளை மினுக்காகவும், வலப்பக்கம் கீழ்நோக்கி விழும் நிழலாகவும் வரையப்பட்டிருக்கும். வளைவுக்கேற்ப 'ட'வின் மூலை சாய்வதும், கொம்பு சுருண்டு அடுத்த எழுத்தின் தோளில் அமர்வதும், மெய்யெழுத்தின் புள்ளி நட்சத்திரமாகவோ பொறியாகவோ மாறுவதும் வரைந்தவரின் கைத்திறன். தமிழ் தவிர இந்தியிலும் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் அதே பெயரை, அதே பருமனில், அதே வளைவில் எழுதிக்காட்ட வேண்டிய கட்டாயம் சந்தையால் வந்தது. வெவ்வேறு வரிவடிவங்களை ஒரே குடும்பத்து முகமாக்கிய அந்த உழைப்பு, எழுத்தை வடிவமாகக் காணும் பயிற்சியில் ஜப்பானியக் கலைஞரின் உழைப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

படம் வரைந்தவர்களுள் சிலரின் பெயரேனும் நிலைத்தது. அருகிலுள்ள கோவில்பட்டியில் நாடகக் குழுவோடு வந்து தங்கி, தெய்வப் படங்களை வரைந்து காலண்டர் ஓவியத்துக்கு ஒரு பள்ளியையே உருவாக்கிய சி. கொண்டையராஜுவும் (1898–1976), அவர் மாணவர்களான டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலியோரும் படத்தின் அடியில் கையொப்பமிட்டனர். சிவகாசி அச்சகங்கள் வழியே அப்படங்கள் இந்தியா முழுவதும் பூசையறைகளை அடைந்தன. எழுத்து வரைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் அமையவில்லை. நவீன ஓவியத்தில் மட்டும் எழுத்துக்கு மதிப்பு வந்தது: சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977), 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் எழுத்து, எண், சாதகக் கட்டம் ஆகியவற்றால் ஓவியத்தின் பரப்பை நிரப்பினார். அக்கல்லூரியில் பயின்ற கே.எம். ஆதிமூலம் (1938–2008) தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகள், தமிழ் வரிவடிவத்தைப் புதிய கண்கொண்டு பார்க்கச் செய்தன. கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு ஜூனியர் விகடனில் கோட்டோவியம் வரைந்தவரும் அவரே.

பெயரும் ஆண்டும் இல்லாத ஒரு லேபிளின் காலத்தை எப்படிக் கணிப்பது என்ற வினா சேகரிப்பாளருக்கு உடனே எழும். தாளிலேயே அதற்கான சான்றுகள் மறைந்துள்ளன. விலை அணாவில் இருந்தால் அது 1957ஆம் ஆண்டின் நாணய மாற்றத்துக்கு முந்தையதாகவோ அதையொட்டியதாகவோ இருக்கும். முகவரியில் மதராஸ் மாநிலம் என்றிருந்தால் 1969 சனவரியில் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வருமுன் வடிவமைக்கப்பட்டது எனலாம். அஞ்சல் குறியீட்டு எண் அறிமுகமானது 1972 ஆகஸ்டில். ஆறிலக்க எண் உள்ள லேபிள் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. சிவகாசி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது 1985 வரை. அதன்பின் காமராசர் மாவட்டம். 1990களின் பிற்பகுதி முதல் விருதுநகர் மாவட்டம். எல்லாவற்றினும் நுட்பமான சான்று எழுத்தின் வடிவமே. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் லை, ளை, ணை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவை தனித்த சுழிவடிவோடும் எழுதப்பட்டன. எழுத்து வரைந்த கைகள் பழகிய வடிவத்தை உடனே விட்டுவிடவில்லை என்பதாலும், பழைய வடிவமைப்பையே ஆண்டுக்கணக்கில் அச்சிடும் வழக்கம் உண்டு என்பதாலும், ஒரு சான்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

அச்சிட்ட முறையும் காலத்தைக் காட்டும். கல்லச்சில் நிழலுக்காகக் கையால் வைத்த புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். ஆஃப்செட் அச்சில், அதாவது பிளேட்டிலிருந்து ரப்பர் உருளைக்கும் அதிலிருந்து தாளுக்கும் படம் மாறும் முறையில், நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சீரான வரிசையில் சிறு பூக்களாகத் தெரியும். அச்சுக்கோத்து அடித்த எழுத்தாயின் விளிம்பில் மசி பிதுங்கி அடர்ந்திருப்பதோடு, தாளின் பின்புறம் விரலுக்குத் தடிப்பும் தட்டுப்படும். வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் சற்றே விலகியிருப்பதை அச்சகத்தார் 'ரிஜிஸ்டர் விலகல்' என்பர். அவர்களுக்கு அது கழிவுத்தாள், சேகரிப்பாளருக்கோ எத்தனை வண்ணம், எந்த வரிசையில் ஏறியது என்று காட்டும் அரிய பாடம்.

ஜப்பானியத் தாளுக்கும் சிவகாசித் தாளுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே நூற்றைம்பது படிகள் எடுக்கப்பட்டு, ஏறக்குறைய அனைத்தும் காக்கப்படுகின்றன. இங்கே லட்சக்கணக்கில் அச்சிடப்பட்டு, ஏறக்குறைய அனைத்தும் கிழிக்கப்படுகின்றன அல்லது எரிகின்றன. வெடிக்கப்படுவதற்கென்றே பிறந்த தாளாகையால், ஐம்பதாண்டுக்கு முந்தைய சரவெடி லேபிள் முழுதாகக் கிடைப்பது மாக்கியின் படம் கிடைப்பதைவிட அரிதாகக்கூட இருக்கலாம். அந்தத் தாளை ஒட்டிய கைகளையும் சேகரிப்பாளர் மறத்தல் ஆகாது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்வட்டாரத்து லேபிள்களைச் சேர்க்கும் எந்தத் தொகுப்பும், அவற்றின் அழகோடு இந்த உழைப்பின் ஆபத்தையும் தன் குறிப்புகளில் பதிந்துவைத்தால்தான் நேர்மையான ஆவணமாகும்.

எளிய அச்சுத்தாளைச் சேர்ப்பது வீண்வேலை என்போருக்கு விடையாக இரு சேகரங்களைக் காட்டலாம். கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். தம் ஈட்டத்தைக் கொண்டு நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிலைபெறச் செய்ய, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அமெரிக்கச் சமயவியல் பேராசிரியர் ஹெச். டேனியல் ஸ்மித், சென்னையில் தங்கி ஆய்வு செய்த காலத்திலிருந்து சேர்த்த தெய்வப் படங்கள் இன்று சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. சிவகாசியில் அச்சான தாளைக் காண அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டிய நிலை இருப்பது வருந்தத்தக்கது.

சேர்த்ததைக் காப்பதில் செய்யக்கூடாதவை முக்கியமானவை. பாதுகாப்பு என்று எண்ணி லேமினேஷன் செய்வது தாளை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்; சூடான பிளாஸ்டிக் ஒட்டியபின் அதைப் பிரிக்க வழியில்லை. செலோ டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும். பழைய தினசரியில் சுற்றிவைத்தால் அதன் அமிலம் லேபிளையும் மஞ்சளாக்கும். அமிலமற்ற தாளுறையில் தட்டையாக வைத்து, வெயில் படாத பெட்டியில் இடுவதே போதுமானது. இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து வைக்கும் பழைய வழக்கம் இன்றும் பயன்தரும். மருந்து ஒட்டியிருக்கும் வெடிச்சுற்றை அப்படியே வீட்டில் சேமிப்பது ஆபத்து. பயன்படுத்தப்படாத வெறுந்தாளை அச்சகத்தில் கேட்டுப் பெறுவதே சரி.

ஆடிப்பெருக்கு நாளில் புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் மரபு. அந்த ஆல்பத்தில் ஒரு படியையும், அவ்வாண்டு அச்சான ஒவ்வொரு லேபிளிலும் ஒரு வெறுந்தாளையும் அச்சகங்கள் தனியே எடுத்துவைக்க வேண்டும். தாளின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் ஆண்டையும், அச்சிட்ட முறையையும், எழுத்து வரைந்தவரின் பெயரையும் குறிக்க வேண்டும். கணினி எழுத்துருக்கள் வருமுன் தூரிகை பிடித்த பெரியவர்கள் இவ்வட்டாரத்து ஊர்களில் இன்னும் வாழ்கிறார்கள். எந்த லேபிள் யாருடைய கைவேலை என்று அவர்களால் மட்டுமே சொல்ல முடியும். மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களிடம் இப்போதே சென்று கேட்டு எழுதிவைக்க வேண்டும்.